பந்து போடுகிறவருக்கும் பங்கு உண்டு

 

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன், ரவிச்சந்திரன் அஸ்வின் தம் யூடியூப் சேனலில் பேசியதைப் பற்றிப் போட்டிருந்தான். "டீச்சர், 2027 உலகக் கோப்பைக்கு அப்புறம் ஒன்டே மேட்ச் என்ன ஆகும்னு அஸ்வினுக்கே கவலையா இருக்காம். நீங்க ரேடியோ காலத்து ஆளு. நீங்க சொல்லுங்க, கிரிக்கெட் எங்க போகுது?" என்று கேள்வி. அதற்குக் கீழே ஆளாளுக்குச் சண்டை. ஐபிஎல்தான் கெடுத்தது என்கிறான் ஒருவன். காலம் மாறினால் ஆட்டமும் மாறத்தான் செய்யும் என்கிறான் இன்னொருவன். யார் சொல்வதையும் யாரும் கேட்பதாக இல்லை. வகுப்பில் எப்படியோ அப்படியேதான் இருக்கிறீர்கள்.

இரண்டு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவுதான். முக்கால் மணி நேரப் பாடவேளையில் உட்கார்ந்தவர்கள்தானே, ஒரு பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட் பார்க்காத அத்தைகள், சித்திகளும் இதைப் படிக்க வேண்டும். ஏன் என்பது பாதிக்கு மேல் தெரியும்.

முதலில், அஸ்வினைத் தெரியாதவர்களுக்காக. 1986இல் சென்னையில் பிறந்தவர். மேற்கு மாம்பலத்தில் வளர்ந்தவர். பொறியியல் பட்டதாரி. சின்ன வயதில் அவர் தொடக்க பேட்ஸ்மேன். இடுப்பில் ஏற்பட்ட காயத்தால் மாதக்கணக்கில் ஆட முடியாமல் போய், அதற்குப் பிறகுதான் ஆஃப் ஸ்பின் என்கிற சுழற்பந்துக்கு மாறினார். 106 டெஸ்ட் ஆட்டங்களில் 537 விக்கெட் எடுத்தார். இந்தியாவில் அவருக்கு மேலே இருப்பவர் 619 விக்கெட் எடுத்த அனில் கும்ப்ளே ஒருவர்தான். இது போக டெஸ்டில் ஆறு சதங்கள் வேறு. 2024 டிசம்பர் 18 அன்று, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், தொடர் முடிவதற்கு முன்பே சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். 2025 ஆகஸ்டில் ஐபிஎல் ஆட்டத்திலிருந்தும் விலகினார்.

ஓய்வு பெற்றவர்கள் இரண்டு வகை. "எங்கள் காலத்தில்" என்று ஆரம்பித்து, இப்போது இருப்பவர்களைக் குறை சொல்லிக்கொண்டே இருப்பவர்கள் ஒரு வகை. தான் பார்த்த வேலையில் எது கோணலாக இருந்தது, எதை நிமிர்த்தலாம் என்று யோசிப்பவர்கள் இன்னொரு வகை. அஸ்வின் இரண்டாம் வகை. அதுவும் ஓய்வு பெற்ற பிறகு தொடங்கிய யோசனை அல்ல. ஆடிக்கொண்டிருக்கும்போதே பேசி, அதற்காக ஏச்சும் வாங்கியவர்.

அவர் சொல்வதன் சாரம் என்ன? ஒருநாள் ஆட்டத்தைப் பற்றி அவர் 2022லேயே, இங்கிலாந்தின் முன்னாள் வீரர்கள் மைக்கேல் வாகனும் ஃபில் டஃப்னெலும் நடத்தும் ஒலிபரப்பில் பேசியிருக்கிறார். கிரிக்கெட் பைத்தியமான நானே ஒரு கட்டத்துக்கு மேல் டிவியை அணைத்துவிடுகிறேன் என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. ஆனால் அதற்கு அவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். ஐம்பது ஓவர் ஆட்டம் நீளமாக இருக்கிறது என்பது அவர் குறை அல்ல. அதில் ஏற்ற இறக்கம் போய்விட்டது, பந்து போடுகிறவருக்கு வேலை இல்லாமல் போய்விட்டது என்பதுதான் குறை. இரண்டு பந்துகளை விட்டுவிட்டு ஒரே பந்துக்குத் திரும்பினால் கடைசி ஓவர்களில் சுழற்பந்துக்கும் வேலை இருக்கும், ரிவர்ஸ் ஸ்விங்கும் திரும்பி வரலாம் என்றார்.

பார்க்காதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கிரிக்கெட் பந்து தோலால் ஆனது. புதிதாக இருக்கும்போது பளபளப்பாக, கெட்டியாக இருக்கும். மட்டையில் பட்டால் பறக்கும். ஓவர்கள் போகப் போகத் தோல் தேய்ந்து, ஒரு பக்கம் சொரசொரப்பாகி, பந்து மெத்தென்று ஆகும். அப்போது வேகப்பந்து எதிர்பாராத பக்கம் வளையும். இதற்குத்தான் ரிவர்ஸ் ஸ்விங் என்று பெயர். சுழற்பந்தும் பழைய பந்தில் நன்றாகப் பிடிக்கும். 2011 அக்டோபரிலிருந்து ஒருநாள் ஆட்டத்தில் இரு முனைக்கும் தனித்தனியாக ஒவ்வொரு புதுப் பந்து என்று விதி வந்தது. ஐம்பது ஓவர் முடியும்போதும் ஒவ்வொரு பந்துக்கும் வயது இருபத்தைந்து ஓவர்தான். பந்து பழசாகவே விடவில்லை. அப்புறம் எப்படி வளையும்?

இத்துடன் மற்ற விதிகளையும் சேர்த்துப் பாருங்கள். பவுலர் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் அடுத்த பந்து 'ஃப்ரீ ஹிட்' என்று 2007இல் வந்தது. அதில் பேட்ஸ்மேன் கேட்ச் கொடுத்தாலும் அவுட் இல்லை. 2015இல் எல்லா நோ பாலுக்கும் அதை விரித்தார்கள். மட்டை இத்தனை தடிமனுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2017 வரை வரம்பே கிடையாது. மட்டைகள் விறகுக்கட்டை மாதிரி தடித்த பிறகுதான் ஓரம் 40 மில்லிமீட்டர், மொத்தக் கனம் 67 மில்லிமீட்டர் என்று கட்டுப்பாடு வந்தது. பவுலர் தவறினால் ஃப்ரீ ஹிட் உண்டே, பேட்ஸ்மேன் தவறினால் பவுலருக்கு ஒரு 'ஃப்ரீ பால்' ஏன் கூடாது என்று அஸ்வின் 2020இல் கேட்டார். பலர் சிரித்தார்கள். எனக்கு அது சிரிப்பாகத் தோன்றவில்லை.

ஏனென்றால் இந்த ஆட்டத்தின் வரலாற்றைப் புரட்டினால், பந்து போடுகிறவர் புதிதாக எதைக் கண்டுபிடித்தாலும் முதலில் அதற்கு "தப்பு" என்று பெயர் வைப்பதுதான் வழக்கமாக இருந்திருக்கிறது.

ஆரம்ப காலத்தில் இங்கிலாந்தில் பந்தைக் கையைத் தாழ்த்தித்தான் போட வேண்டும், கோலி உருட்டுவது மாதிரி. ஜான் வில்ஸ் என்பவர் கையைப் பக்கவாட்டில் நீட்டிப் போட்டுப் பார்த்தார். 1822இல் லார்ட்ஸ் மைதானத்தில் அவருக்கு நோ பால் கொடுத்தார்கள். பந்தை எறிந்துவிட்டுக் குதிரை ஏறிப் போனவர்தான், அந்தத் தரத்தில் பிறகு ஆடவே இல்லை என்று சொல்வார்கள். பதின்மூன்று வருடம் கழித்து, 1835இல், தோள் உயரம் வரை கையைக் கொண்டுபோகலாம் என்று விதியே மாறிவிட்டது.

அடுத்தது எட்கர் வில்ஷர். 1862இல் லண்டன் ஓவல் மைதானத்தில் தோளுக்கு மேலே கையைத் தூக்கிப் போட்டார். நடுவர் ஆறு முறை நோ பால் கொடுத்தார். வில்ஷர் வெளியேறினார். அவருடன் தொழில்முறை ஆட்டக்காரர்களும் மைதானத்தை விட்டுப் போய்விட்டார்கள். இரண்டே வருடத்தில், 1864இல், தோளுக்கு மேல் கை போகலாம் என்று சட்டம் வந்தது. இன்று நாம் 'பௌலிங்' என்று எதைப் பார்க்கிறோமோ, அது முழுக்க அன்றைக்குத் தப்பாக இருந்ததுதான்.

நம்மவர் கதையும் ஒன்று உண்டு. கண்டியில் பிறந்த தமிழர் முத்தையா முரளிதரன். பிறவியிலேயே அவருடைய முழங்கை முழுதாக நிமிராது. 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்ன் மைதானத்தில், அத்தனை ஆயிரம் பேர் முன்னால், அவர் பந்தை எறிகிறார் என்று நடுவர் ஏழு முறை நோ பால் கொடுத்தார். நம் தெருப் பிள்ளைகள் பாஷையில் சொன்னால், 'மாங்கா அடிக்கிறான்' என்ற குற்றச்சாட்டு. பிறகு பல பந்துவீச்சாளர்களின் கையைக் கேமரா வைத்து அளந்து பார்த்தார்கள். கை மடங்கவில்லை என்று எல்லோரும் நம்பியவர்களுக்கும் கொஞ்சம் மடங்கி நிமிர்ந்துகொண்டுதான் இருந்தது. 2005இல் எல்லோருக்கும் பொதுவாக 15 டிகிரி வரை அனுமதி என்று விதி வந்தது. முரளி 800 டெஸ்ட் விக்கெட்டுடன் 2010இல் ஓய்வு பெற்றார். அந்த எண்ணிக்கையை இன்றுவரை யாரும் தொடவில்லை.

மூன்று கதையிலும் வரிசை ஒன்றுதான் என்பதைக் கவனித்தீர்களா? ஒருவர் புதிதாக ஒன்றைச் செய்கிறார். மரபு கெட்டது என்று கூச்சல் வருகிறது. அவமானம் அவர் ஒருவருக்கு. சில வருடம் கழித்து விதி அவர் பக்கம் வருகிறது. ஆட்டம் முன்னைவிட நன்றாக இருக்கிறது.

இப்போது அஸ்வின் அதிகமாக ஏச்சு வாங்கிய விஷயத்துக்கு வருகிறேன். அத்தைகளும் சித்திகளும் இங்கிருந்து கவனமாகப் படியுங்கள்.

கிரிக்கெட்டில் இரண்டு பேட்ஸ்மேன்கள் இரு முனையில் நிற்பார்கள். ஒருவர் பந்தை அடிப்பவர். இன்னொருவர் பந்து போடுகிறவர் பக்கத்தில் நின்று, ரன் ஓடக் காத்திருப்பவர். பந்து கையை விட்டுப் போகும்வரை அவர் கோட்டுக்குள் நிற்க வேண்டும். ஆனால் நடைமுறையில் பலர் முன்னாலேயே இரண்டடி நகர்ந்துவிடுவார்கள். ஓடும் தூரம் குறையுமே! அப்படி நகர்ந்தவரை, பந்து போடுகிறவர் போடாமல் நிறுத்தி, ஸ்டம்பைத் தட்டி அவுட் ஆக்கலாம். விதி அனுமதித்த ஒன்றுதான் இது.

1947 டிசம்பரில் சிட்னியில் வினு மன்கட் ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை இப்படி அவுட் ஆக்கினார். அதே பயணத்தில் அதற்கு முன்பே ஒரு ஆட்டத்தில் பிரவுனை எச்சரித்து, பிறகு அவுட்டும் ஆக்கியிருந்தார். அப்படியும் பிரவுன் நகர்ந்தார். ஆஸ்திரேலியாவின் கேப்டன் டான் பிராட்மேனே மன்கட் செய்ததில் தவறில்லை என்று தம் புத்தகத்தில் எழுதினார். ஆனாலும் என்ன நடந்தது? கோட்டைத் தாண்டியவர் பிரவுன். அந்த அவுட்டுக்குப் பெயர் வைத்தது 'மன்கடிங்' என்று. தாண்டியவர் பெயர் மறந்துபோச்சு. கேட்டவர் பெயர் கெட்ட வார்த்தை ஆகிவிட்டது. நம் நாட்டு வீரர் ஒருவரின் பெயரை இப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று சுனில் கவாஸ்கர் பல முறை சொல்லியிருக்கிறார்.

2012இல் பிரிஸ்பேனில் அஸ்வின் இலங்கையின் திரிமன்னேவை இப்படி அவுட் ஆக்கினார். அன்று கேப்டனாக இருந்த சேவாக், சச்சினுடன் கலந்து பேசி, அவுட் கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இளம் வீரரான அஸ்வினால் என்ன சொல்ல முடியும்? ஏழு வருடம் கழித்து, 2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூர் ஐபிஎல் ஆட்டத்தில், தானே கேப்டனாக இருந்தபோது இங்கிலாந்தின் ஜாஸ் பட்லரை அதேபோல் அவுட் ஆக்கினார். உலகமே எழுந்து வந்தது. ஆட்டத்தின் மாண்பு, கண்ணியம், ஏமாற்று வேலை என்று எத்தனை வார்த்தைகள்! விதியில் இருப்பதைத்தான் செய்தேன் என்று அவர் பின்வாங்காமல் நின்றார். மற்ற பந்துவீச்சாளர்களுக்கும் அதையே சொன்னார்: அந்த இரண்டடியைச் சும்மா விடாதீர்கள், அந்த ஒரு ரன் ஓடிய ஆள்தான் அடுத்த பந்தில் எதிர்முனைக்கு வந்து சிக்ஸர் அடித்து உங்கள் பிழைப்பைக் கெடுப்பார் என்று.

2022 அக்டோபர் 1 முதல், கிரிக்கெட் சட்டங்களை எழுதும் எம்சிசி, இந்த அவுட்டை 'நியாயமற்ற ஆட்டம்' என்ற 41ஆம் சட்டத்திலிருந்து எடுத்து, சாதாரண 'ரன் அவுட்' சட்டமான 38க்கு மாற்றிவிட்டது. வில்ஸுக்கு 13 வருடம், வில்ஷருக்கு 2 வருடம், முரளிக்கு 10 வருடம் ஆனது. இதற்கு, மன்கட் காலத்திலிருந்து கணக்கிட்டால் கிட்டத்தட்ட 75 வருடம்.

நான் சமூக அறிவியல் நடத்தும்போது ஒன்று சொல்வேன், நினைவிருக்கிறதா? எழுதிய விதியை எல்லோரும் படிக்கலாம், கேள்வி கேட்கலாம், மாற்றச் சொல்லலாம். எழுதாத விதி அப்படி இல்லை. அது யாரிடம் ஏற்கெனவே செல்வாக்கு இருக்கிறதோ அவருக்கே சாதகமாக இருக்கும். அதை மீறினால் தண்டனை, ஊர் வாயில் விழுவதுதான்.

நம் வீடுகளையே பாருங்கள். பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2005இல் நாடு முழுவதற்கும் அது வந்தது. எழுதிய சட்டம் அவ்வளவு தெளிவு. ஆனால் எழுதாத சட்டம் என்ன சொல்கிறது? "கூடப்பிறந்தவன்கிட்ட போய் பங்கு கேட்பாளா? சீர் செஞ்சாச்சு, அப்புறம் என்ன?" என்கிறது. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுப் பஸ் ஏறிய பெண்கள் நம் சொந்தத்திலேயே எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். பங்கைக் கொடுக்காதவரை யாரும் எதுவும் சொல்வதில்லை. கேட்டவளுக்குத்தான் பெயர் கெட்டுப்போகிறது. கோட்டைத் தாண்டிய பிரவுனை விட்டுவிட்டு மன்கட்டைத் திட்டினார்களே, அதே கணக்குதான்.

அதனால்தான் அஸ்வின் பேசுவது எனக்குக் கிரிக்கெட் பேச்சாக மட்டும் கேட்கவில்லை. எனக்குச் சேர வேண்டியதை நான் கேட்பதில் என்ன மரியாதைக் குறைவு என்கிற கேள்வி அது.

இந்தக் கதையில் ஒரு பெண்ணும் வருகிறாள். 2022 செப்டம்பரில், சட்டம் மாறுவதற்கு ஒரு வாரம் முன்பு, லார்ட்ஸ் மைதானத்தில் நம் தீப்தி சர்மா இங்கிலாந்தின் சார்லி டீனை இப்படியே ரன் அவுட் செய்து ஆட்டத்தை முடித்தார். மறுபடியும் அதே கூச்சல். அதே தீப்தி, 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் 58 ரன் அடித்து, ஐந்து விக்கெட்டும் எடுத்தார். இந்தியா தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்றது. மொத்தம் 22 விக்கெட்டுடன் அவர்தான் தொடரின் சிறந்த ஆட்டக்காரர். அவரும் ஆஃப் ஸ்பின்னர்தான்! அந்த உலகக் கோப்பை, சாகப் போகிறது என்று எல்லோரும் சொல்கிற ஐம்பது ஓவர் ஆட்டத்தில்தான் நடந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஒருநாள் ஆட்டம் போய்விடுமா?

அந்த ஆட்டம் பிறந்ததே தற்செயல்தான். 1971 ஜனவரியில் மெல்போர்ன் டெஸ்ட் மழையால் கைவிடப்பட்டது. வந்த ஜனங்களை ஏமாற்ற வேண்டாம் என்று ஜனவரி 5 அன்று ஆளுக்கு நாற்பது ஓவர் என்று ஒரே நாளில் ஓர் ஆட்டம் வைத்தார்கள். நாற்பத்தாறாயிரம் பேர் வந்துவிட்டார்கள். அதுதான் முதல் சர்வதேச ஒருநாள் ஆட்டம். 1975இல் முதல் உலகக் கோப்பை. இந்திய அணிக்குக் கேப்டன் நம் சென்னையின் வெங்கட்ராகவன். அவரும் ஆஃப் ஸ்பின்னர், அவரும் பொறியியல் படித்தவர். பின்னாளில் நடுவராகவும் 73 டெஸ்டுகளில் நின்றவர். அந்த உலகக் கோப்பையில் இங்கிலாந்து 334 ரன் எடுக்க, கவாஸ்கர் அறுபது ஓவரும் நின்று 174 பந்தில் 36 ரன் எடுத்தார். தெருப் பிள்ளைகள் சொல்வார்களே 'டொக்கு' என்று, அந்த டொக்கு. இதெல்லாம் ஒரு ஆட்டமா, டெஸ்டைக் கெடுக்க வந்தது என்றுதான் அன்றைய பெரியவர்கள் சொன்னார்கள். எட்டே வருடம். 1983 ஜூன் 25 அன்று நாம் வெறும் 183 ரன் எடுத்து, வெஸ்ட் இண்டீஸை 140க்குச் சுருட்டி, உலகக் கோப்பையை வாங்கினோம். அந்த இறுதி ஆட்டத்தில் இரு அணியிலும் அதிக ரன் நம் ஸ்ரீகாந்த் எடுத்த 38.

183 எடுத்தும் ஜெயிக்க முடிந்தது ஏன்? பந்து பேசியது. மதன்லாலும் மொஹிந்தர் அமர்நாத்தும் ஆளுக்கு மூன்று விக்கெட் எடுத்தார்கள். இருவரும் பெரிய வேகக்காரர்கள் இல்லை. பந்து போடுகிறவருக்கு ஆட்டத்தில் இடம் இருந்தால் 183 கூடப் போதும். இடம் இல்லையென்றால் 400 எடுத்தாலும் சலிப்புத்தான்.

அதனால் என் பதில் இது. ஓவர் எண்ணிக்கை முக்கியமே இல்லை. அறுபது ஐம்பது ஆனது. 2003இல் இருபதும் வந்தது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இருபது ஓவர் ஆட்டம்தான் ஆடப்போகிறார்கள். 1900க்குப் பிறகு ஒலிம்பிக்கில் கிரிக்கெட் வருவது அப்போதுதான். ஐம்பது ஓவர் ஆட்டம் ஒருவேளை உலகக் கோப்பைக்கு மட்டும் என்று சுருங்கலாம். அதில் அழ ஒன்றுமில்லை. ஆனால் எந்த அளவு ஆட்டமாக இருந்தாலும், பந்துக்கும் மட்டைக்கும் சரிசமமான போட்டி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அஸ்வின் சொல்வதில் நான் ஒப்புக்கொள்வது இதைத்தான். 2025 ஜூலையில் விதியை மாற்றி, 34 ஓவருக்குப் பிறகு ஒரே பந்தில் ஆட வேண்டும் என்று கொண்டுவந்திருக்கிறார்கள். பாதியாவது வந்துவிட்டார்கள்.

ஒத்துப்போகாத இடமும் உண்டு. ஐபிஎல்லில் 2023இல் வந்த 'இம்பாக்ட் ப்ளேயர்' விதி, அதாவது ஆட்டத்தின் நடுவில் ஒருவரை எடுத்துவிட்டு வேறொருவரை இறக்கலாம் என்பது, உத்திக்கு இடம் தருகிறது என்பது அஸ்வின் கருத்து. ரோகித் சர்மா அதை விரும்பவில்லை. இரண்டு வேலையும் தெரிந்த ஆல்ரவுண்டர்கள் வளரமாட்டார்கள் என்றார். இதில் நான் ரோகித் பக்கம். காயம் பட்டதால் பேட்ஸ்மேனிலிருந்து பவுலராகி, பிறகு ஆறு சதமும் அடித்தவர் அஸ்வின். அந்த விதி அவர் சின்ன வயதிலேயே இருந்திருந்தால், பந்து போட்டு முடித்ததும் உட்கார வைத்திருப்பார்களே!

இனி நம் ஊருக்கு வருவோம். மாலையில் நடக்கப் போகும்போது ஏரிக்கரைப் பக்கம், காலி மனைகளில் பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்கிறேன். எல்லோருக்கும் மட்டைதான் வேண்டும். பந்து போடுவது யாரென்றால், சின்னப் பையன், புதிதாகக் குடிவந்த வீட்டுப் பிள்ளை, மட்டை வாங்க வசதியில்லாதவன். நாள் முழுக்கப் போட்டுவிட்டு, இருட்டிய பிறகு இரண்டு பந்து ஆடக் கிடைத்தால் அவன் அதிர்ஷ்டம். ஆனால் ஆட்டத்தில் புதிதாக எதையாவது கண்டுபிடிப்பவன் அவனாகத்தான் இருப்பான். அஸ்வினின் புகழ்பெற்ற 'சொடுக்கு பந்து' எங்கே கற்றது தெரியுமா? நடுவிரலால் கேரம் காயைச் சுண்டுவது மாதிரி பந்தைச் சுண்டி விடுவது அது. தெருவில் டென்னிஸ் பந்து ஆட்டத்தில் கற்றதாக அவரே சொல்லியிருக்கிறார். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜனும் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகி, தமிழ்நாடு பிரீமியர் லீக் வழியாக மேலே வந்தவர். 2020–21இல் வலைப்பயிற்சிக்குப் பந்து போட ஆஸ்திரேலியாவுக்குப் போய், ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். அப்படி ஆன முதல் இந்தியர் அவர்தான்.

நம் கார்த்திகை தீபத் திருவிழாவில் ஏழாம் நாள் தேர் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில். கூட்டம் பார்ப்பது அவர்களையும் தேரையும்தான். சக்கரத்தோடு ஒட்டியபடி முட்டுக்கட்டை போட்டுக்கொண்டே வருகிறார்களே சில பேர், அவர்களை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் மாட வீதி முனையில் அவ்வளவு பெரிய தேர் திரும்புவது அந்தக் கட்டையால்தான். அவர்கள் இல்லாவிட்டால் தேர் வீட்டுக்குள் புகுந்துவிடும். பந்து போடுகிறவர்கள் கிரிக்கெட்டின் முட்டுக்கட்டைக்காரர்கள்.

ஆகவே, என் மாணவர்களில் அப்பாக்களாக, அம்மாக்களாக ஆகியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோடை விடுமுறையில் உங்கள் தெருவில் பிள்ளைகள் ஆடும்போது ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். யார் பந்து போட்டுக்கொண்டே இருக்கிறான், யாருக்கு மட்டை போகவில்லை என்று கவனியுங்கள். முறை வைத்து ஆடச் சொல்லுங்கள். வேடிக்கை பார்க்கிற பெண் பிள்ளைகளையும் கூப்பிட்டு ஒரு ஓவர் கொடுங்கள். நம் சென்னைப் பெண் திருஷ் காமினிதான் 2013இல் பெண்கள் உலகக் கோப்பையில் சதமடித்த முதல் இந்தியர் என்று அவர்களிடம் சொல்லுங்கள். விதி என்ன என்று ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லோரும் கேட்கும்படி சொல்லிவிடச் சொல்லுங்கள். சண்டை பாதி குறையும். பெரியவர்கள் வீட்டு விஷயத்திலும் இதையே செய்யலாம்.

  கீழே ஒன்று எழுதுங்கள்: உங்கள் தெருவில் யாராவது சொந்தமாக ஒரு பந்து கண்டுபிடித்திருப்பார்களே, அதற்கு நீங்கள் என்ன பெயர் வைத்திருந்தீர்கள்? படிக்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
திருவண்ணாமலை